ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு யார் என்ன சொல்கிறார்கள்?

புதுவயல்காரர்:

என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை இந்த ஏப்ரலில் முடிக்கிறாள். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்தாக வேண்டும். பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் நான்கு பள்ளிகள் இருக்கின்றன: ஓர் அரசு மேல்நிலைப்பள்ளி, அந்தக் காலத்தில் நகரத்தார் குடும்பம் ஒன்று தொடங்கிய பழைய பள்ளி, ஒரு மெட்ரிக் பள்ளி, அண்மையில் வந்த ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி.

இந்த நான்கைப் பற்றியும் எனக்கு உண்மையில் என்ன தெரியும் என்று நேற்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். மெட்ரிக் பள்ளியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காரைக்குடி கல்லுக்கட்டியில் அவர்கள் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பலகையில் உள்ளதுதான். அதில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற எழுத்து பிள்ளைகளின் முகங்களைவிடப் பெரியதாக இருக்கிறது. பழைய பள்ளியைப் பற்றி என் அத்தை சொன்னது உண்டு. அவர் அங்கே படித்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளியில் வழவழப்பான கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள்; நீச்சல் குளத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியவர்கள் அறிவியல் ஆசிரியர் எத்தனை பேர் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. கட்டணத்தைக் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள். அதன் கடைசி வரியில் "இதர வகை" என்று எழுதி, தொகையை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அரசுப் பள்ளியைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது.

நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். மூட்டையில் குத்தூசி போட்டு நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் எங்கள் முதலாளி விலை பேச மாட்டார். பிள்ளையின் ஏழாண்டுப் படிப்புக்கு அப்படி ஒரு குத்தூசி இல்லையா? யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கானாடுகாத்தான் மருமகள்:

முதலில் பள்ளி வாகனம் உங்கள் தெருமுனைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும், மாலையில் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று கேளுங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்த்தொலைவு ஒன்பது கிலோமீட்டர்தான் என்று நம்பிச் சேர்த்தோம். வண்டி ஏழு ஊர் சுற்றிப் போகும் என்பதை ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தெரிந்துகொண்டோம். என் மகன் ஆறே முக்கால் மணிக்கு ஏறுகிறான், மாலை ஆறு மணிக்கு இறங்குகிறான். சோறு உண்ணும்போதே தூங்கிவிடுகிறான்.

செக்காலை அப்பா:

புதுவயல் நண்பர் "பழைய பள்ளி" என்று ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். அது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்பதை இன்றே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பங்களும் வேறு திசைக்குப் போயின.

என் மூத்தவன் 2017இல் ஆறாம் வகுப்பு சேர்ந்தான். பெயர் பெற்ற பள்ளி. என் தகப்பனாரும் அங்கேதான் படித்தார். விலையில்லாப் பாடநூல் கிடைத்தது, மதிய உணவு கிடைத்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது என்றார்கள். ஆகவே அதை அரசுப் பள்ளி என்றே நாங்கள் வீட்டில் சொல்லிவந்தோம். பெயர்ப்பலகையில் நிறுவனரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே "அரசு உதவி பெறும்" என்ற சொற்கள் சிறிய எழுத்தில் இருந்தன என்பதையும், காகிதப்பூக் கொடி அந்த வரியின் மேல் படர்ந்திருந்தது என்பதையும் நான் கவனித்துப் பார்த்தது 2024இல்தான். அவன் நீட் எழுதியிருந்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அவனுக்கு இடம் கிடைக்கலாம் என்று நான் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் நிரப்பக் கணினி மையத்துக்குப் போனபோது, அங்கே வேலை பார்த்த பெண் பள்ளியின் பெயரைக் கேட்டதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அண்ணே, இது எய்டட் ஸ்கூல், இதற்கு அந்த ஒதுக்கீடு வராது" என்றாள்.

அவன் விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சட்டமே 2020இல்தான் வந்தது. அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி என்பதால், அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. என் மனம் ஆறாதது இளையவள் விஷயத்தில்தான். அவளை 2021இல் அதே வளாகத்தில் ஆறாம் வகுப்பு சேர்த்தேன். சட்டம் வந்து ஓராண்டு ஆகிவிட்டிருந்தது; அந்த ஆண்டிலேயே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீட்டை விரித்திருந்தார்கள். சேர்க்கை நாளன்று அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், சாதிச் சான்றிதழ் கேட்டார்கள், ஆதார் கேட்டார்கள், இரத்த வகைகூடக் கேட்டார்கள். "இங்கே சேர்த்தால் இந்த ஒதுக்கீட்டுக்கு உங்கள் பெண் வரமாட்டாள்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒருவேளை அங்கேயே சேர்த்திருப்பேன், அது வேறு. தெரிந்து சேர்ப்பது வேறு, தெரியாமல் சேர்ப்பது வேறு அல்லவா?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

செக்காலை நண்பரின் வருத்தம் நியாயமானது. நான் முப்பத்தோர் ஆண்டுகள் உதவி பெறும் பள்ளி ஒன்றில் பணியாற்றியவன் என்பதால் சில விவரங்களைச் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டியதைக் கோயிலுக்கும் குளத்துக்கும் கொடுத்தது போலவே பள்ளிக்கும் கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கியதையும், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததையும் எல்லோரும் அறிவார்கள். அவரளவுக்கு இல்லாவிட்டாலும், ஊருக்கு ஒருவராவது ஒரு பள்ளிக்கட்டடம் எழுப்பினார்கள். பின்னர் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. நிருவாகம் குழுவிடமே இருந்தது. ஆகவே மக்கள் பார்வையில் அது ஊர்ப்பள்ளி, சலுகைகளைப் பார்த்தால் அரசுப் பள்ளி, பதிவேட்டில் உதவி பெறும் தனியார் பள்ளி. ஒரே கட்டடத்துக்கு இப்படி மூன்று அடையாளங்கள்.

சலுகைகளும் ஒரே கோட்டில் போவதில்லை. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் படிப்பவர்கள் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி இல்லாமல் கட்டணத்தில் நடக்கும் தனியார் சுயநிதிப் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையோ பள்ளியின் வகையைப் பார்ப்பதில்லை, பயிற்றுமொழியைப் பார்க்கிறது. அதாவது ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமரத்தடியில் சேர்ந்து உண்ணும் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒருவர் தமிழ்வழிப் பிரிவிலும் மற்றவர் ஆங்கிலவழிச் சுயநிதிப் பிரிவிலும் இருப்பதால், இந்தத் திட்டங்களில் வெவ்வேறு விடைகள் வரும். சேர்க்கை விண்ணப்பத்தில் "பிரிவு" என்ற கட்டத்தில் அலுவலர் போடும் ஓர் எழுத்தைப் பெற்றோர் படித்துப் பார்ப்பதே இல்லை. அந்தக் கட்டத்தைப் படியுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது அந்த நூறு விழுக்காடு. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிப்பதை அரசு 2017இலேயே கைவிட்டுவிட்டது. ஃபிளெக்ஸ் அச்சடிப்பவர்களுக்கு அது தெரியாது போலும். நூறு விழுக்காடு பொய்யாகவும் இருக்காது, அதுதான் சிக்கல். எதில் நூறு என்று கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒன்பதாம் வகுப்பில் 62 பேர் இருந்து, பத்தாம் வகுப்பில் 48 பேர் தேர்வெழுதி, 48 பேரும் தேறினால் பலகையில் நூறு என்றுதான் எழுதுவார்கள். மற்ற 14 பேர் எங்கே போனார்கள்? சிலர் பெற்றோரின் பணிமாற்றத்தால் போயிருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் மட்டும் ஒரு வகுப்பு மெலிகிறது என்றால், முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் சில பெற்றோரை அழைத்து, "உங்கள் பையனுக்கு இந்தப் பாடத்திட்டம் ஒத்துவரவில்லை, டி.சி. வாங்கிக்கொள்வது அவனுக்கே நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். இது ஏன் குறிப்பாக ஒன்பதில் நிகழ்கிறது என்றால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தக் காப்பு எட்டோடு முடிகிறது. வேலி முடிகிற இடத்தில்தானே மேய்ச்சல் தொடங்கும்?

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் எண் என்று பதினொரு இலக்க எண் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யு-டைஸ் பிளஸ் தளத்தில் "உங்கள் பள்ளியை அறியுங்கள்" என்ற பகுதியில் பள்ளியின் பெயரையோ எண்ணையோ கொடுத்தால், நிருவாக வகை, பயிற்றுமொழி, வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, நூலகம் ஆகியவை வரும். ஓராண்டின் ஒன்பதாம் வகுப்பு எண்ணையும் அடுத்த ஆண்டின் பத்தாம் வகுப்பு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு எழுதினால் போதும். தகவல் ஓரிரண்டு ஆண்டு பின்தங்கியிருக்கும், ஆனாலும் பழக்கம் தெரிந்துவிடும். புதுவயல் தம்பி கேட்ட குத்தூசி இதுதான் என்பது என் எண்ணம். செக்காலை நண்பரின் ஐயமும் அந்தப் பக்கத்தின் மேல்பகுதியிலேயே தீர்ந்திருக்கும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியானால் இன்னும் எளிது. இணைப்பு எண், தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, கட்டண விவரம், ஆசிரியர் விவரம், மூன்றாண்டுத் தேர்வு முடிவு ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் வெளியிடுவதை அந்த வாரியம் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் நீச்சல் குளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கழனிவாசல் கடைக்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியைத் தகப்பன் வேலைக்கு எடுத்துப்போய்விடுவார். நாற்று நடப் போகும் தாயிடம் பதினொரு இலக்க எண்ணைக் கண்டுபிடி என்றால் அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் பள்ளியிலேயே தன் பிள்ளையையும் சேர்த்துவிடுவார். அதைத் தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன்.

நான் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். பள்ளிகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் என்னைப் போன்றவர்களைக் கேளுங்கள். எந்தப் பள்ளி குறிப்பேட்டையும் பென்சில் பெட்டியையும்கூடத் தன்னிடமே வாங்கச் சொல்கிறது, எந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆகஸ்டிலும் பாடநூல் வராமல் நகலெடுக்க வந்து நிற்கிறார்கள், எந்தப் பள்ளியில் ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறியதால் புதுக் குறிப்பேடு வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஒரு பள்ளியில் ஒரே ஆண்டில் வேதியியலுக்கு மூன்று முறை குறிப்பேடு மாறியது. அதை எந்த இணையதளமும் சொல்லாது. ஆட்டோ ஓட்டுநர்களும் அப்படியே: எந்த வாசலில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், எந்த வாசலில் தகப்பன்மார்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று அவர்கள் பார்க்காத நாளில்லை.

என் பெண்ணுக்குப் பள்ளி தேடியபோது மூன்று நாள் மாலை நாலு மணிக்கு வாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். வெளியே வரும் பெண்பிள்ளைகளில் பலர் நேரே எதிர்வீட்டுக் குழாய்க்கு ஓடினார்கள். உள்ளே தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "தண்ணீர் இருக்கிறது மாமா, குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அது போகிற மாதிரி இல்லை" என்று ஒரு பெண் சொன்னாள். உங்கள் தளத்தில் அந்தப் பள்ளிக்குக் கழிப்பறை "உண்டு" என்றுதான் போட்டிருக்கும்.

கோட்டையூர் ஆச்சி:

கடைக்காரத் தம்பி, அந்தப் பெண் சொன்னதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேறு பள்ளிக்குப் போயிருப்பீர்கள். அதைத்தான் எல்லோரும் செய்கிறோம்.

நான் அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022இல் மறுகட்டமைப்பு செய்தபோது, சோறு வடித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போன என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன்: எங்கள் பள்ளியைப் பற்றி விசாரித்து வரும் பெற்றோர் மிகக் குறைவு. வருகிறவர்களும் "இங்கிலீஷ் மீடியம் உண்டா" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி, "இந்தப் பள்ளியில் எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது, அந்தப் பாடத்தை இப்போது யார் நடத்துகிறார்கள்" என்பது. தலைமையாசிரியர் மறைக்க மாட்டார், ஏனென்றால் அதை அவரே மேலே எழுதிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எங்கள் பள்ளியில் இயற்பியலுக்கு ஓராண்டு ஆள் இல்லாமல் தொகுப்பூதியத்தில் ஒருவரை வைத்துச் சமாளித்தோம். அந்த ஆண்டு யாராவது கேட்டிருந்தால் உள்ளபடியே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

கழிப்பறையைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் பள்ளியிலும் கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம் கயிறு கட்டித்தான் வைத்திருந்தோம். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, மூன்று பெண்கள் சேர்ந்துபோய் மாற்றினோம். ஆகவே தனியார் பள்ளி என்றாலும், "பெற்றோர் குழு என்று ஒன்று இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் என்ன பேசினார்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வைப்பதும், பெற்றோரை நேர்காணல் செய்வதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. இப்போது அதை நேர்காணல் என்று சொல்லாமல் "சும்மா பிள்ளையோடு கொஞ்சம் பேசுவோம்" என்கிறார்கள். என் பேத்தியிடம் சும்மா பேசியவர்கள் பின்னக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். கட்டணத்துக்கும் இதே கதைதான். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைக் காட்டுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பென்சிலால் எழுதிய துண்டுத்தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, தம்பி.

சிராங்கூனிலிருந்து:

பூர்வீகம் பள்ளத்தூர், பிழைப்பு சிங்கப்பூரில். இங்கே ஆறாம் வகுப்பு முடிவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தேர்வு எழுதுகிறார்கள். 2021 முதல் மொத்த மதிப்பெண் 4இலிருந்து 32 வரை; குறைந்த எண் சிறந்தது. பெற்றோர் ஆறு உயர்நிலைப்பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். சென்ற ஆண்டு ஒவ்வொரு பள்ளியிலும் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை சேர்ந்தார்கள் என்பதைக் கல்வி அமைச்சே வெளியிடுகிறது. ஃபிளெக்ஸ் பலகைக்கு வேலையே இல்லை.

ஆனால் நீங்கள் நினைப்பது போல இங்கே பெற்றோர் நிம்மதியாக இருப்பதில்லை. எல்லாத் தகவலும் ஓர் எண்ணில் வந்து நிற்பதால் எல்லோருடைய கண்ணும் அந்த எண்ணிலேயே நிற்கிறது. என் மகனுக்கு ஏற்ற பள்ளி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. சேர்க்கை எண் ஒன்று குறைவாக இருக்கிறது என்பதற்காக நாற்பது நிமிட இரயில் பயணத்தில் இருக்கும் பள்ளியை முதலில் எழுதினோம். கானாடுகாத்தான் அம்மாவின் பதிவைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

செக்காலை அப்பா:

சிராங்கூன் அண்ணன் ஆறு பள்ளி எழுதலாம் என்கிறார். எங்களுக்குத் தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் 25 விழுக்காட்டு இலவச இடம்கூட எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ மட்டுமே. ஆறாம் வகுப்பில் புதிதாகக் கேட்க முடியாது. மற்ற மாநிலங்களில் ஆறாம் வகுப்புக்கு மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. பெங்களூரில் இருக்கும் என் மைத்துனர் ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைத்து "நவோதயாவுக்கு எழுதினாயா" என்று கேட்கிறார். நானும் ஆண்டுதோறும் அதையே சொல்கிறேன்.

ஆச்சி, காலிப் பணியிடத்தைக் கேளுங்கள் என்றது மிகச் சரி. என் இளையவளின் பள்ளியில் இந்த வாரமே கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேயே தொடர்வதா, மாறுவதா என்பது இப்போதுதான் முடிவாக வேண்டும். அவள் கணினி அறிவியல் பிரிவு கேட்கிறாள், அந்தப் பிரிவு சுயநிதியில் மட்டும் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

புதுவயல்காரர்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகிவிட்டது, செய்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கணினி மையத்துக்குப் போய் நான்கு பள்ளிகளின் அறிக்கையையும் அச்செடுத்தேன். பழைய பள்ளி உதவி பெறும் பள்ளிதான். மெட்ரிக் பள்ளியின் ஒன்பது, பத்து எண்களைப் பேரேடு எழுதுவது போலப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். மூன்று ஆண்டிலும் பத்தாம் வகுப்பு மெலிந்துதான் இருக்கிறது. பள்ளியின் பெயரை எழுத மாட்டேன், ஏனென்றால் என்ன காரணம் என்று அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளியின் இணையதளத்தில் கட்டாய வெளியீட்டுப் பக்கம் இருக்கிறது. அதில் ஆசிரியர் விவரத்தைத் தொட்டால் "விரைவில்" என்று வருகிறது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, அரைத்தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்குப் போனேன். உதவி பெறும் பள்ளியில் அலுவலர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்கள் என்ன பத்திரிகைக்காரரா" என்று கேட்டார். சேர்க்கை முடிந்த பிறகு எல்லாம் சொல்வார்களாம். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை என்னை உட்காரச் சொன்னார். ஆச்சி சொன்னபடி காலிப் பணியிடத்தைக் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். கணக்குக்கு ஒன்று காலி, ஏழு மாதமாக. "நானே எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய்விடுவேன், அன்றைக்கு வகுப்பு இருக்காது" என்றார். இவ்வளவு நேராக ஒருவர் குறையைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து மிதிவண்டியை எடுக்கும்போது அந்தக் குறை பெரிதா, அவர் அதைச் சொன்னது பெரிதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

என் மனைவி கணக்குக்கு ஆள் இல்லாத பள்ளியா என்கிறாள். மகளுக்குத் தன் தோழி எங்கே போகிறாளோ அங்கே போக வேண்டும். தோழி அரசுப் பள்ளிக்குப் போகிறாள். கழனிவாசல் அண்ணன் சொன்னபடி வெள்ளிக்கிழமை மாலை வாசலில் நிற்கப் போகிறேன். ஒரே ஓர் ஐயம்: மகள் மருத்துவம் சார்ந்த படிப்பு என்று இப்போதே பேசுகிறாள். அந்த அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் சேர்ந்த பிரிவு தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இருக்கிறதா என்பதைக் கேட்க மறந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

தவறாக நினைக்க மாட்டார்கள். மூன்றரை மணிக்கு மேல் போங்கள். காலையில் வழிபாடும் வருகைப்பதிவும் முடியப் பத்து மணி ஆகிவிடும். பிரிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், சென்ற ஆண்டு அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்றும் கேளுங்கள். பெயரளவில் பிரிவு இருந்து ஆள் சேராமல் மூடிவிடுவதும் உண்டு. அந்தத் தலைமையாசிரியையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வாரத்தில் அந்த இரண்டு நாள் எட்டாம் வகுப்புக் கணக்கை எடுக்க, ஊதியம் வேண்டாத கிழவன் ஒருவன் செஞ்சையில் இருக்கிறான் என்று. மேலாண்மைக் குழு ஒப்புக்கொண்டால் நான் வருகிறேன்.